இடிமேகத்துக்குள் எக்ஸ்ரே

நான் கல்முனையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். வயிற்றில் பிள்ளை இருப்பது தெரிந்ததும் என்னை அந்த அறையிலிருந்து வெளியே பதிவு மேசைக்கு மாற்றிவிட்டார்கள்.

ஒக்டோபர் மாதத்துப் பின்னேரம் ஒன்றில் இடி முழங்கியது. கரண்ட் போய், மிசினும் நின்றது. எனக்கு வேலை பழக்கிய மூத்தவர், அண்ணன் முறையில் நான் 'நானா' என்று கூப்பிடுபவர், பிளேன்டீயோடு வெளியே வந்தார்.

"புள்ள, இடிமேகத்துக்குள்ளயும் எக்ஸ்ரே உண்டாகுதாம். போன்ல வாசிச்சன்."

"அப்ப நான் எங்க போய் ஒளிக்கிற நானா?"

சிரித்தேன். ஆனால் கை தானாக வயிற்றில் போய் நின்றது.

பயத்தை விடப் பெரிதாக ஒரு கேள்வி வந்தது. எங்கள் மிசினின் குழாய்க்குள் காற்றே இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் இலத்திரன்கள் என்ற நுண்ணிய மின்துகள்கள் தடையின்றி ஓடி, உலோகத்தில் மோதி, எக்ஸ்ரேயைத் தருகின்றன. மேகத்திலோ முழுக்கக் காற்று. அதற்குள் எப்படி ஓடும்?

வீட்டுக்குப் போய்த் தேடித்தேடி வாசித்தேன். மேகத்துக்குள் மின்புலம் அவ்வளவு பலமாம். ஏற்கெனவே வேகமாக ஓடும் இலத்திரன் ஒன்று அதில் அகப்பட்டால், காற்றால் அதை மறிக்க முடிவதில்லை. வேகம் கூடக் கூடத் தடை குறைகிறது. அது காற்றின் அணுக்களை உரசித் திசைமாறும்போது எக்ஸ்ரே பிறக்கிறது. மின்னல் படிப்படியாகக் கீழே இறங்கும்போதும் அப்படித்தான். ஆனால் நிலத்துக்கு வருமுன்னே பெரும்பகுதியைக் காற்றே விழுங்கிவிடுகிறது. அதை வாசித்த பிறகுதான் நெஞ்சு ஆறியது.

அடுத்த நாள் நானாவிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டுக் கேட்டார்:

"அப்ப மின்னலால இது வருதா, இதால மின்னல் வருதா?"

"அது ஆராயிறவங்களுக்கே இன்னும் முழுசா விளங்கல்லியாம்."

"அப்ப நமக்கு விளங்காட்டி வெக்கமில்ல" என்றார்.

அந்தக் கிழமை முடியுமுன்னே மறுபடி இடித்தது. வீட்டு ஜன்னலடியில் நின்ற என்னை மாமி, என் கணவரின் உம்மா, கூப்பிட்டார்.

"என்ன புள்ள பாக்கிறீங்க? இங்கால வாங்க."

"மேல எங்கட மிசின் ஓடுது மாமி. எக்ஸ்ரே வருதாம்."

துஆ ஓதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஆருட படத்த எடுக்குதாம்?"

இருவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே வந்து அவர் பக்கத்தில் இருந்தேன். அடுத்த மின்னலுக்கு அவரும் என்னோடு சேர்ந்து ஜன்னல் கண்ணாடிப் பக்கம் எட்டிப் பார்த்தார்.