பேண்டுக்கு முன்னால் போன குதிரை

திருவொற்றியூரில் நண்பனின் மாப்பிள்ளை அழைப்பு. வழக்கமாக பேண்டு வாத்தியம் முன்னால் போகும், மாப்பிள்ளை ஏறிய குதிரை பின்னால் வரும். அன்று வந்த, காதில் பீடி செருகிய குதிரைக்காரரோ, குதிரையை எல்லோருக்கும் முன்னால் நடத்தினார். ஏன் என்று கேட்டேன்.

“கிண்டி ரேஸ் குதிரை சார். அப்பன், தாத்தா எல்லாம் கப் வாங்கின வம்சம். எவன் முன்னாடி போனாலும் இதுக்குப் பொறுக்காது.”

“இது ஜெயிச்சிருக்கா?”

“ஒரு தபா கூட இல்ல. கால்ல அடிபட்டுச்சு, தள்ளிட்டாங்கோ. வெறி மட்டும் அப்டியே கீது.”

மண்டப வாசலில் மாப்பிள்ளை இறங்கியதும், குதிரைக்காரர் மடியிலிருந்து வெல்லக்கட்டி எடுத்துக் குதிரைக்கு ஊட்டினார். கழுத்தைத் தட்டினார்.

“இன்னிக்கும் நீதான் நைனா ஃபஸ்ட்டு.”

பின்தங்கிய பேண்டுக்காரர்களைக் குதிரை தலைநிமிர்ந்து பார்த்தது. இது பந்தயமில்லை என்று அதனிடம் யாரும் சொன்னதில்லை. அவர் சொல்லவும் விடமாட்டார்.