கண்ணில் படாத சிவப்புக் கொடி

மலாயாவில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே நான் சரக்கு ரயில் ஓட்டிக்கொண்டிருந்தேன். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு. மனைவி, மூன்று பெண் பிள்ளைகள். ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவனும் நான்தான். எஞ்சின் டிரைவர் என்றால் எங்கள் ஜனங்களிடையே அப்போது தனி மதிப்பு. அந்த மதிப்பு எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தது.

நாற்பத்திரண்டு வயதில் என் கண்களில் புரை விழ ஆரம்பித்தது. தூரத்துச் சிக்னல் கம்பம் முதலில் பஞ்சு சுற்றியதுபோலத் தெரிந்தது. சில மாதங்களில் கம்பமே தெரியவில்லை. மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் தடம் எனக்கு மனப்பாடம். எந்த வளைவில் சக்கரச் சத்தம் மாறும், எந்தப் பாலத்தில் காற்று குளிரும் என்று தெரியும். கண் பரிசோதனையின்போது எனக்கு முன்னால் நின்றவர்கள் படித்த எழுத்துகளைக் காதில் வாங்கி, அப்படியே ஒப்பித்துத் தேறிவிட்டேன். கோயிலிலும் அதே வித்தைதான். சனிக்கிழமை மூத்த மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வேன். மறுநாள் வேதாகமத்தைத் திறந்து வைத்து, வாசிப்பவன்போல ஒப்பிப்பேன்.

தினமும் வேலைக்குக் கிளம்புமுன் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, இன்றைக்கும் யாருக்கும் தெரியாமல் காத்துக்கொள்ளும்" என்று ஜெபிப்பேன். அதை விசுவாசம் என்றே நினைத்திருந்தேன்.

ஒரு நாள் காலை. மழை விட்டு, ரப்பர் தோட்டங்களின்மேல் பனி இறங்கியிருந்தது. கிள்ளானுக்கு இன்னும் நாலைந்து மைல் இருக்கும். என்னோடு இருந்த ஃபயர்மேன் குனிந்து அடுப்புக்குக் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் அலறினார்.

"அண்ணே! செவப்பு! செவப்பு!"

எனக்கு முன்னால் வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை. பிரேக்கை இழுத்தேன். பின்னால் இருந்த பெட்டிகளெல்லாம் ஒன்றோடொன்று மோதி எஞ்சினை முன்னே தள்ளின. இரும்பு கத்திக்கொண்டே போய் ஒருவழியாக நின்றது. இறங்கிப் பார்த்தேன். பத்தடி தள்ளி ஒரு தண்டவாளத்தைக் கழற்றி வைத்திருந்தார்கள். அதில் வேலை செய்துகொண்டிருந்த கூலிகள் இரண்டு பக்கமும் சிதறி ஓடியிருந்தார்கள்.

கொடி பிடித்து நின்ற ஆள் கால்வாயில் கிடந்தார். கடைசி நொடிவரை தடத்தில் நின்று கொடியை ஆட்டிவிட்டுக் குதித்திருக்கிறார். அவர் நின்ற இடத்தைத் தாண்டித்தான் எஞ்சின் நின்றிருந்தது. மணிக்கட்டு முறிந்துவிட்டது. அந்தக் கையை மடியில் ஏந்திக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"கொடி காட்டுனா டிரைவர் நிப்பாட்டிருவாருன்னுதானேய்யா நின்னேன்? ஏன் நிப்பாட்டல?"

கூலிகளோடு சேர்ந்து அவரைத் தூக்கி, கடைசிப் பெட்டியில் வந்த ரயில் கார்டிடம் ஏற்றிவிட்டேன்.

தண்டவாளத்தை மறுபடி பூட்டியபின் ரயில் கிள்ளான் போய்ச் சேர்ந்ததும் ஃபயர்மேன் என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"அண்ணே, நாலஞ்சு மாசமா 'சிக்னல் எறங்கிருச்சு, போலாம்'ன்னு நான் ஏன் கத்திக்கிட்டே வரேன்னு நெனச்சீங்க? உங்களுக்குத் தெரியலன்னு எனக்குத் தெரியும். புள்ளக்குட்டிக்காரர், வேல போயிறக் கூடாதேன்னுதான் பேசாம இருந்தேன். இன்னிக்குக் கரி அள்ளப் போயிட்டேன்."

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "பனின்னு சொல்லிருவோம்ணே. கார்டும் ரிப்போர்ட்ல அப்படித்தான் எழுதியிருக்காரு. ஒண்ணும் ஆகாதுலா" என்றார்.

நாலைந்து மாதமாக என் திறமையால் ஓட்டியதாக நினைத்த ரயிலை அவருடைய கண்தான் ஓட்டியிருக்கிறது. 

அன்று மாலை வீட்டில் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். "பனிதான் காரணம்னு எழுதியாச்சு. சாமி காப்பாத்திட்டாரு" என்றேன்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "சாமி அந்த ஆளக் காப்பாத்துனாருங்க. உங்க பொய்யக் காப்பாத்தல. 'யாருக்கும் தெரியாம காத்துக்கொள்ளும்'னு கேக்கறத இத்தோட விட்டுருங்க" என்றாள்.

"வீடு போயிரும். புள்ளைங்கள வச்சுக்கிட்டு எங்க போவோம்?"

"எனக்குத் தெரியல. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

இருவரும் முழங்காலில் நின்றோம். என்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை. வழக்கமாக நானே ஒரு வழி செய்து வைத்துவிட்டு, அதை ஆசீர்வதிக்கச் சொல்லித்தான் கேட்பேன். அன்று கையில் ஒரு வழியும் இல்லை. "நீரே பார்த்துக்கொள்ளும்" என்று மட்டும் சொன்னேன். 

மறுநாள் எங்கள் வெள்ளைக்கார ரயில்வே துரையின் முன் போய் நின்றேன். கார்டின் அறிக்கையைக் காட்டி, பனிதானே என்று கேட்டார். பனி இருந்தது உண்மைதான், ஆனால் வெயில் அடித்திருந்தாலும் எனக்கு அந்தக் கொடி தெரிந்திருக்காது என்றேன். பரிசோதனையில் ஏமாற்றியதையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த நிமிடமே எஞ்சினிலிருந்து என்னை இறக்கிவிட்டார்கள்.

அங்கிருந்து நேராகக் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கொடி பிடித்தவரிடம், அவர் கேட்ட கேள்விக்குப் பதிலைச் சொன்னேன். கட்டுப் போட்ட கையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே ஓட்டமாட்டீங்கல்ல?"

"மாட்டேன்."

"அது போதும்யா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மன்னித்தாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த ஞாயிறு சபையின் முன் நின்று, இத்தனை நாளும் வாசிக்கவில்லை, ஒப்பித்தேன் என்று சொல்லி வேதாகமத்தை இன்னொருவர் கையில் கொடுத்தேன். சிலர் அழுதார்கள். சிலர் அதன்பிறகு என்னோடு பேசவில்லை. மூன்று வாரம் வேலை உண்டா இல்லையா என்றே தெரியாமல் வீட்டில் கிடந்தேன். அந்த நாட்களில் விசுவாசம் ஒன்றும் சுகமாக இல்லை. காலையில் இருக்கும், மாலையில் இருக்காது.

பிறகு செந்தூல் ரயில்வே பணிமனையில், போல்ட்டுகளையும் நட்டுகளையும் கையால் தடவித் தரம் பிரிக்கும் வேலை கொடுத்தார்கள். சம்பளம் பாதிக்கும் கீழே. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, செந்தூலில் பலகைச் சுவர் வைத்த ஒரே அறைக்குக் குடிபோனோம். மூத்தவளின் படிப்பு அதோடு நின்றது. அதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், அவள் என் தலையை அணைத்துக்கொண்டாள். கண் பார்வை திரும்பவில்லை. ஆனாலும் ஐந்து பேரும் ஒரு நாளும் பட்டினி கிடக்கவில்லை.

முழங்காலில் நின்று ஜெபித்த நாட்கள் என் வாழ்க்கையில் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், ஒரு வழியும் கையில் இல்லாமல் நின்ற அந்த ஒரு மாலையில்தான் முதன்முதலாக ஆண்டவரை நம்பினேன் என்றும், அதுவரை நம்பியதெல்லாம் என்னைத்தான் என்றும் இன்றைக்கும் எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.