ஐந்து கிலோ அமானிதம்

வெள்ளிக்கிழமை ஆண்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போனதும் உம்மு குல்தூம் முக்காலியில் ஏறி, குசினிச் சுவரில் தொங்கும் தராசை இறக்குகிறார். கொக்கியும் வட்ட முகமும் உள்ள வில்தராசு அது. கொக்கியைத் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைக்கிறார். முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். நிற்கிறது. எதையும் நிறுக்காமல் மறுபடி ஆணியில் மாட்டுகிறார். பூப்போட்ட சீத்தைத் துணியில் அதற்கு ஓர் உறை தைத்திருக்கிறார். பகலில் முகம் தெரியும்படி அதை மேலே சுருட்டி வைப்பது வழக்கம்.

தராசின் முதுகில் வெள்ளைப் பெயின்றில் ஓர் எண் இருக்கிறது. பல்கலைக்கழகத்துச் சொத்து என்பதற்கு அதுதான் அடையாளம். ஊரில் அவர் பெயர் 'தராசுத் தாத்தா'. எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. பல்கலைக்கழக ஜீப்பை ஓட்டி வந்த சிங்கள டிரைவர் இதைக் கேட்டு ஒரு வாரம் சிரித்தாராம். உக்குவளை வீதியில் மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கும் பள்ளிக்கூட மாஸ்டரான நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். வயதில் அவர் எனக்கு இளையவர் என்பதை இருவருமே கண்டுகொள்வதில்லை.

நிறுத்து நிறுத்து அவருடைய கையே தராசாகிவிட்டது. பிறந்த பிள்ளையைக் கையில் கொடுத்தால் மாஷா அல்லாஹ் சொன்ன கையோடு "ரெண்டே முக்கா" என்பார். கிளினிக் அட்டையில் வேறு எண் இருந்தால் தவறு கிளினிக்கின் பக்கம் என்றுதான் பிள்ளைகளின் தாய்மாரும் நினைக்கிறார்கள்.

இந்தத் தராசு அவர் கைக்கு வந்தது எண்பத்தாறில். கணவர் மௌத்தாகி, பீடி சுற்றிப் பிழைத்துக்கொண்டிருந்த காலம். பல்கலைக்கழகத்திலிருந்து மகேந்திரராஜா என்ற விரிவுரையாளர் ஒரு களிமண் அடுப்போடு வந்து இறங்கினார். புகை குறைந்தால் பெண்களின் இருமல் குறையும், விறகு குறைந்தால் காடு பிழைக்கும் என்றார். வைத்தியம், வனம், தொழில்நுட்பம் மூன்றையும் ஒரே அடுப்பில் ஏற்றிவிட்ட மனிதர். நாற்பது வீட்டில் அடுப்பை வைத்து, எவ்வளவு விறகு எரிகிறது என்று தினமும் நிறுத்து எழுத ஓர் ஆள் தேவைப்பட்டது. எட்டாம் வகுப்புப் படிப்பும் தடங்கலில்லாத சிங்களமும் உம்மு குல்தூமுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தன. முடிவு நன்றாக வந்தால் திட்டத்தின் இரண்டாம் கட்டம் லக்கல, பல்லேகம என்ற தூரத்துக் கிராமங்களுக்குப் போகும். அவருக்கும் நிரந்தர நியமனக் கடிதம் வரும் என்று விரிவுரையாளர் சொல்லியிருந்தார். பீடி இலைத் தட்டை அன்றைக்கே பரணில் ஏற்றிவிட்டார்.

பழைய மூன்று கல் அடுப்பில் எவ்வளவு எரிகிறது என்பதை அந்தந்த வீட்டு விறகையே நிறுத்து முதலில் கணக்கெடுத்தாயிற்று. புதிய அடுப்புக்கு எல்லா வீட்டிலும் ஒரே விறகாக இருக்கட்டும் என்று பல்கலைக்கழகம் ஐந்து கிலோ இறப்பர் விறகுக் கட்டுகளை லொறியில் அனுப்பியது. எங்கள் பெண்கள் உப்பிலிருந்து உலக்கை வரை பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுக்கிறவர்கள். விறகும் கைமாறிவிட்டால் கணக்குக் கெட்டுவிடுமே என்று, கட்டை இறக்கும்போது உம்மு குல்தூம் வாசலுக்கு வாசல் அழுத்திச் சொன்னார்: "இது ஒங்க கையில அமானிதம். நாளைக்கு வந்து நிறுப்பேன்." ஒப்படைத்த பொருளைக் காப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அடுப்பு அற்புதம் செய்தது. நூற்றுக்கு எழுபத்திரண்டு விறகு மிச்சம். மகேந்திரராஜா எண்களைப் பார்த்துவிட்டு ஜீப் பொனற்றில் தாளம் போட்டார்.

மறு வாரம், மாவு சலிக்க இரவல் வாங்கிய அரிதட்டைத் திருப்பிக் கொடுக்கப் பின் வீட்டு றாபியாவிடம் போனார் உம்மு குல்தூம். வேலையாகப் போகவில்லை, அதனால் சொல்லிக்கொண்டும் போகவில்லை. புதிய அடுப்பில் கொக்கோக் கிளை எரிந்துகொண்டிருந்தது. இறப்பர் விறகுக் கட்டு சாக்கு சுற்றி, நனையாமல் பரணில் இருந்தது.

"ஏன் றாபியா, அத எரிக்கல்லயா?"

"நீங்கதானே தாத்தா அமானிதம்னு சொன்னீங்க? அமானிதத்த யாராச்சும் எரிப்பாங்களா? அடுப்பு கொண்டுவந்த ஸார் மனசு நோகுமேன்னு ரெண்டு கம்பு மட்டும் எடுத்தேன். அதுக்கே அல்லாஹ்கிட்ட மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செஞ்சேன்."

அன்று பின்னேரம் பன்னிரண்டு வீடு ஏறி இறங்கினார். பன்னிரண்டிலும் கட்டு பத்திரமாக இருந்தது; எரியாத அந்த விறகுதான் கணக்கில் மிச்சமாக ஏறியிருந்தது. நேசம் கூடிய ஒரு வீட்டில் அதை அலுமாரிக்குள் வைத்திருந்தார்கள்.

வியாழக்கிழமை ஜீப் வந்ததும் நடந்ததை நடந்தபடி சொன்னார். விரிவுரையாளர் யாழ்ப்பாணத்துக்காரர், கோபம் வந்தால் குரல் தணியும். "இதை இப்பவோ சொல்லுறியள்? பேப்பர் அடிச்சு முடிஞ்சுது. உங்கட வேலையும் இதிலதான் கிடக்குது, தெரியும்தானே?"

"தெரியும் ஸார். பொய் சொன்ன தராசத் தூக்கிக்கிட்டு என்னால வீடு வீடா போக ஏலா. அமானிதம்ங்கிற சொல்லு என்னோடது. பிழையும் என்னோடது."

விரிவுரையாளர் ஜீப்பின் படியில் உட்கார்ந்து, எண்கள் எழுதிய தாளை நாலாக மடித்தார். பிறகு, "சரி, மறுபடி நிறுங்கோ" என்றார். அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது அந்த ஒரு வாக்கியத்துக்காக.

இரண்டாவது தடவை முதல் மூன்று வீட்டில் "இத எரிக்கிறது ஒங்க மேல கடம" என்று சொல்லிப் பார்த்தார். மறுநாள் மூன்றிலும் ஐந்து கிலோவும் சாம்பல்; குளிக்க வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி, எல்லாம் நடந்திருந்தது. நாலாவது வீட்டிலிருந்து வெறும் "வெறகு" என்று மட்டும் சொன்னார். மிச்சம் நூற்றுக்கு இருபத்துமூன்று என்று வந்தது. அடுப்பு நல்ல அடுப்புத்தான், ஆனால் அற்புதமில்லை. இரண்டாம் கட்டம் பற்றிப் 'பார்த்துச் சொல்வதாக' மேலிடத்திலிருந்து பதில் வந்தது. அதற்குள் நாட்டில் குழப்பம் கூடி, பல்கலைக்கழகமே மூடப்பட்டது. மகேந்திரராஜா இப்போது கனடாவிலாம். தராசைக் கேட்டு யாரும் வரவில்லை. பீடித் தட்டு பரணிலிருந்து இறங்கிவிட்டது.

கிளர்ச்சிக்காரர்கள் என்று பல்கலைக்கழக மாணவர்களை இராணுவம் தேடித் திரிந்த எண்பத்தொன்பதில், பல்கலைக்கழகத்தைக் குறிக்கும் 'கெம்பஸ்' என்ற சொல்லே வீட்டில் வைத்திருக்கத் தகாத பொருள். அந்த வெள்ளை எண்ணைச் சுரண்டிவிடும்படி எல்லாரும் சொன்னோம், நான் இரண்டு முறை சொன்னேன். அவர் கேட்கவில்லை. ஆமி வீடு சோதிக்க வந்தபோது தராசு யாருடையது என்று கேட்டார்கள். கெம்பஸுடையது என்று சிங்களத்தில் தெளிவாகச் சொன்னார். வேலிக்கு வெளியே நின்ற நான் மெல்ல என் வீட்டுப் பக்கம் நடையைக் கட்டினேன். ஒரு சிப்பாய் தன் சோற்றுப் பார்சலைக் கொக்கியில் மாட்டப் போனான். "வேணாம் மஹத்தயா, அது வெறகு நிறுக்க மட்டுந்தான்" என்று தடுத்தாராம். அவன் என்ன நினைத்தானோ, பார்சலோடு போய்விட்டான்.

அன்றைக்கு விரிவுரையாளரிடம் உண்மையைச் சொன்னதில் வருத்தமில்லையா என்று ஒருநாள் கேட்டேன்.

"ஏன் இல்லாம, மாஸ்டர்? பீடி சுத்துற ஒவ்வொரு நாளும் கவலதான். பல்லேகம எப்பிடி ஈக்கும்னுகூட நான் பாத்ததில்ல." இலையை வெட்டியபடியே சொன்னார்.

போன வாரம் மிளகு வாங்க அப்துல் ஸமத் வந்தார். உம்மு குல்தூம் முற்றத்துக் கொடியில் பறித்துக் காய வைத்த மிளகு. வியாபாரி கையோடு தன் தராசையும் கொண்டு வந்திருந்தார். பையை எடுத்துக் கொடுக்கும்போதே உம்மு குல்தூமின் கை ஒரு கணம் நின்றதை நான் கண்டேன். நாலு கிலோ என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

"மூணரை ஈக்குது" என்றார் அப்துல் ஸமத்.

எனக்குப் பொறுக்கவில்லை. "தாத்தா, சரியான தராசு அந்தா சுவரிலேயே தொங்குது. ஒருக்கா மாட்டிப் பாருங்களேன்!"

"அது வெறகு நிறுக்கத் தந்தது, மாஸ்டர். மொளகு நிறுக்கத் தரல்ல."

அப்துல் ஸமத் பையின் வாயைக் கட்டத் தொடங்கினார். உம்மு குல்தூம் முக்காலியில் ஏறி, சுருட்டி வைத்திருந்த உறையைத் தராசின் முகத்துக்குக் கீழே வரை இழுத்துவிட்டார்.