கன்னம் நிறைந்த படம்

மைசூரில் என்னைக் கேட்காமல் எவரும் கேமரா வாங்கியதில்லை. சரி, கேட்டவர் ஒருவர்தான்: அக்ரஹாரத்தில் எங்கள் எதிர்வீட்டு ரயில்வே சௌந்தரராஜன்.

தொண்ணூற்று நாலில் அவர் மனைவி வைதேகி படுக்கையாய்க் கிடந்தாள். அமெரிக்காவிலிருந்து மகன் கேசவன், கேமராக்களைச் சோதித்து மார்க் போட்டிருந்த ஒரு பத்திரிகைப் பக்கத்தைக் கத்தரித்துக் கடிதத்தோடு அனுப்பினான். "இந்தக் கேமராவுக்குத்தான் அதிக மார்க். வாங்கி அம்மாவைப் படமெடுத்து அனுப்புங்கள். பார்த்துவிட்டு, வருவதைப் பற்றி யோசிக்கிறேன்."

கடைக்காரர் தெரிந்தவர், அதையும் இன்னொரு கேமராவையும் ஒரு நாளைக்கு இரவல் கொடுத்தார். இரண்டிலும் வைதேகியை எடுத்தோம். மார்க் வாங்கியதில் கழுத்தெலும்பை எண்ணிவிடலாம். மற்றதில் கன்னம் நிறைந்து சிரித்தாள்.

"இதுதான் என் வைதேகி, மாமி" என்று அதையே வாங்கினார். நானும் தலையாட்டினேன்.

கேசவன் வரவில்லை. ஆடியில் வைதேகி போய்விட்டாள்.

படம் அழகாக இருந்ததால்தான் அம்மா தேறிவிட்டாள் என்று பிள்ளை ஏமாந்துபோனான் என்று ஊரெல்லாம் சொல்லிவந்தேன். முதல் திவசத்துக்கு வந்தவர்களிடமும் சொன்னேன். தாம்பூலம் கொடுத்துக்கொண்டிருந்த சௌந்தரராஜன் நிமிர்ந்தார்.

"இல்லே மாமி. எலும்பு தெரிஞ்ச படத்தையும் சேர்த்துத்தான் அனுப்பினேன். அந்தக் கேமராதான் நன்னா எடுத்திருக்கு, அதையே வாங்கியிருக்கலாம்னு பதில் போட்டான்."