கந்தம்மாளின் மாமியார்கள்

கதவை ஒரு சாண் திறந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டுகிறாள் கந்தம்மாள். "பெரிய மாமியா வந்துட்டா, யாரும் துணி காயப்போடாதீக!" என்று காலனிக்கே கேட்கக் கத்திவிட்டுத்தான் தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டுகிறாள்.

பெரிய மாமியார் என்பது கொடைக்கானலின் மொத்தக் குப்பையும் வந்து சேருகிற மேடு. சின்ன மாமியார், ஹோட்டல் கழிவுநீரைக் கொண்டுவந்து ஓடையில் திறந்துவிடும் லாரி. நாத்தனார், கோழிக்கழிவை வேகவைக்கும் கொட்டகை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சிறுபிள்ளையாக வந்தவளுக்கு இங்கே இத்தனை சொந்தம் வாய்த்திருக்கிறது. பகல் முழுக்கக் குளிர்ந்த தண்ணீரில் நின்று கேரட் கழுவுகிறாள். அங்கேயும் வாய்க்கு ஓய்வில்லை.

கணவன் வேலப்பனிடம் மட்டும் அந்த வாய் அடங்கிவிடும். சுனாமிக்கு மறுவருஷம் அவனுக்கு மூச்சிரைப்பு தொடங்கியது. குப்பைமேடு புகைகிற நாளெல்லாம் உட்கார்ந்தபடியே தவிப்பான். இவள் முதுகைத் தடவிக்கொண்டிருப்பாள். தன் பயத்தை யாரிடமும் காட்டிக்கொள்வதில்லை.

இந்த லட்சணத்தில், ஆஸ்பத்திரிக் கழிவை எரிக்க ஒரு கம்பெனி குப்பைமேட்டுக்குப் பக்கத்திலேயே அனுமதி கேட்டது. "மாமியா நாத்தனா பத்தாதுன்னு சக்களத்தி வேறயா? அவரு மூச்சு தாங்காதுடி" என்றாள் கந்தம்மாள். "பேசாம கீழ வத்தலக்குண்டுக்குப் போயிருங்கக்கா" என்றாள் பக்கத்து வீட்டு ராக்காயி. "ஒருக்கா கடலத் தாண்டியாச்சு. இன்னும் எங்கிட்டுடி போறது?"

அனுமதி தரும் முன் ஊராரைக் கேட்க வேண்டும் என்பது விதி. காலனி மைதானத்திலேயே பந்தல் போட்டார்கள். ஸ்வெட்டரும் மப்ளருமாக ஜனங்கள் நடுங்கும் ஊரில் ஃபேன் வைத்த புண்ணியவான் அந்தக் கம்பெனிக்காரராகத்தான் இருப்பார். மேடையோரம் நின்ற இரண்டு பெரிய ஃபேன்களும் குப்பைமேட்டு நாற்றத்தை, கருத்துக் கேட்க வந்து மேடையில் உட்கார்ந்திருந்த அதிகாரியிடமிருந்து விலக்கி ஜனங்கள் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தன.

"குப்பைமேடு, லாரி, கொட்டகை, எல்லாமே அனுமதிச்ச மாசு அளவுக்குள்ளதான் இருக்கு. இதுவும் அளவுக்குள்ளதான் இருக்கும்" என்றார் அதிகாரி.

கந்தம்மாள் எழுந்தாள். "தனித்தனியாப் பாத்தா எல்லாரும் நல்லவகதாங்க சார். நாங்க அம்புட்டையும் ஒரே மூக்காலதான மோந்துகிட்டுக் கெடக்கோம்? மொத்தமாச் சேத்து அளந்தீகளா?"

"அப்படி அளக்கச் சொல்லி விதியில்லம்மா. வேற ஏதாவது சொல்லணுமா?"

"சொல்லணுங்க."

மைக்கை நீட்டினார்கள். அவள் அதைக் கடந்து மேடையோரம் போய் இரண்டு ஃபேன்களின் பிளக்கையும் பிடுங்கிப் போட்டாள். பிறகு தன் நாற்காலிக்கு வந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அதிகாரியின் மூக்கையே பார்த்தபடி உட்கார்ந்தாள்.