வெள்ளைக்குக் கீழே சிவப்பு

மரகதம் போய்விட்டாள் என்று கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. கூட வந்த படத்தைப் பார்த்ததும் சந்தேகம் இன்னும் கூடியது. அவளுக்குப் பின்னால் இருந்த பாறையை அழித்துவிட்டு, மேகம் மிதக்கும் நீல வானத்தை ஒட்டியிருந்தார்கள். பாறையை எடுத்துவிட்டு மரகதத்தை மட்டும் எவனாவது வைப்பானா? உடனே அவள் வீட்டுக்குப் போன் செய்தேன். கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவள் கணவர் எடுத்தார். “உண்மைதாம்மா. காலையில காபி குடிச்சிட்டு நாற்காலியில சாய்ஞ்சா. அவ்வளவுதான்” என்றார். அதற்கு மேல் என்ன கேட்பது? வண்டிக்காக நின்றிருந்த செங்கல்பட்டு ரயில் நிலையத்திலேயே, படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில் கலை வரலாறு நடத்தியவர்கள். ஒரே வயது, எதிரெதிர் மேசை. அவளைத் தெரிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மரகதம் எதையும் முதல் தடவையிலேயே நம்பியவள் அல்ல. மாமல்லபுரத்தில் எல்லோரும் சிலையின் முகத்துக்கு எதிரே நின்று வியந்துகொண்டிருந்தால், இவள் பக்கவாட்டில் புகுந்து காதுக்குப் பின்னால் டார்ச் அடிப்பாள். “முகத்தை எல்லாரும் தொடச்சு வச்சிருப்பாங்க. காதுக்குப் பின்னால எவனும் தொடைக்கமாட்டான்” என்பாள். கிரேக்கச் சிலைகளின் வெண்மையில் பாடப்புத்தகம் உருகும் பக்கம் வந்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். “சாயம் போன துணியைப் பார்த்துட்டு நெசவே வெள்ளைன்னு எழுதியிருக்காங்க.” நம் கற்சிற்பங்கள் மீதும் சுதைப் பூச்சும் வண்ணமும் இருந்தன, அதைக் கண்டுகொள்வார் இல்லை என்பது அவளுடைய தீராத மனக்குறை.

திருவிடந்தைக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே போகும் ஓர் ஊரில் சின்னப் பாறைக்கோயில் ஒன்று உண்டு. ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன், ஏன் என்று போகப் போகத் தெரியும். பாறையில் செதுக்கிய அம்மனுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். வழக்கம்போல மரகதம் காதுக்குப் பின்னால் டார்ச் அடித்தாள். வெள்ளை உரிந்த இடத்தில், அடியில் சிவப்பு தெரிந்தது. “பல்லவர் கால வண்ணம்” என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஏழுமலை எங்களையே முறைத்துக்கொண்டு நின்றார்.

“இன்னாம்மா, பொதையலா தேடிகினு கீறீங்க?”

“இல்லீங்க. இந்தச் சிவப்பு யார் பூசினது?” என்று கேட்டேன்.

“அது ராஜா காலத்துது. எங்க பாட்டன் காலத்துலயே அப்டித்தான் கீது.”

எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. மரகதம் மட்டும் வெளியே போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தாள். “உங்க வூட்டு வாசக்கால்லயும் அதே சிவப்பு இருக்கே அண்ணாத்த, ராஜா அங்கயும் வந்தாரா?” என்றாள்.

ஏழுமலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஆடி மாசம் காவி கரைப்போம். மொதல்ல அம்மனுக்குக் காவி, அது காஞ்சதும் மேல சுண்ணாம்பு. மிச்சம் கீற காவிய வூட்டுக்குப் பூசிக்குவோம். கடைல விக்கிற பெயின்ட்டு அம்மனுக்கு ஆவாது.”

திரும்பும் பேருந்தில் நான் விடவில்லை. எத்தனையோ அடுக்குகளுக்குக் கீழே ஒன்றாவது பழையதாக இருக்காதா என்றேன். “கீழ இருந்தா பழசா? முந்தின வருஷமும் கீழதான் இருக்கும்” என்றாள் மரகதம். நாங்கள் சேர்ந்து எழுதவிருந்த கட்டுரை அதோடு படுத்தது. என்னைக் கழற்றிவிட்டு அவள் தனியாக எழுதிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். சந்தேகம் அவளிடமிருந்து எனக்கு ஒட்டிய வியாதிதானே! அவள் எழுதவே இல்லை. ஆனால் ஆடி பிறந்தால் அந்த ஊருக்குப் போய்விடுவாள். அங்கே என்ன வேலை என்று கேட்டால், “பூசுற கையும் கலை வரலாறுதான். ஐரோப்பாவுல மாதா சிலைக்குத் தலைமுறை தலைமுறையா சாயம் ஏத்தினாங்க. அசலைத் தேடுறேன்னு சுரண்டினவன் அசல், மேல்பூச்சு ரெண்டையும் தொலைச்சான்” என்பாள். முழுப் பதில் அது இல்லை என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

இப்போது கல்லூரியில் அவளுக்கு நினைவு மலர் போடுகிறார்கள். மெய்ப்புப் பார்க்க எனக்கு வந்தது. முதல் பக்கத்திலேயே, ‘பல்லவர் கால வண்ணத்தைக் கண்டுபிடித்த மரகதம்’ என்று கொட்டை எழுத்தில், கோயிலின் பெயரோடு. நாங்கள் கைவிட்ட கட்டுரையைத் துறையில் யாரோ நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. துறைத் தலைவரைக் கூப்பிட்டேன்.

“போனவங்களைப் பத்திப் பெருமையா ஒரு வரி மேடம். யார் போய் செக் பண்ணப் போறாங்க?” என்றார்.

“மரகதம் பண்ணியிருப்பா” என்றேன்.

அந்த வரி அச்சேறினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அசலைப் பார்க்கிறேன் என்று ஒருவன் சுண்ணாம்பைச் சுரண்டுவான். இனி யாரும் பூசக் கூடாது என்று இன்னொருவன் கம்பி வேலி போடுவான். அடுத்த ஆடிக்கு ஏழுமலை வேலிக்கு வெளியே நிற்பார். இவ்வளவும் மரகதத்தின் பெயரால் நடக்கும். தலைவர் வரியை எடுத்துவிடுவதாகச் சொன்னார். அவர் சொன்னதை நான் நம்பவில்லை, அதனால்தான் அவளைத் தெரிந்த உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். அவள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. தெரியாததைத் தெரியும் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

கருமாதி முடிந்த வாரம் நான் மட்டும் அந்தக் கோயிலுக்குப் போனேன். “அந்தம்மா வர்ல?” என்று கேட்டார் ஏழுமலை. சொன்னேன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

“வர்ஷா வர்ஷம் எங்ககூட நின்னு பூசுவாங்க. காதாண்ட மட்டும் நம்மள வுடமாட்டாங்க. போன ஆடிக்குக்கூட அவங்கதான் பூசினாங்க” என்றார்.

கள்ளி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உள்ளே போய் டார்ச் அடித்தேன். சுண்ணாம்பு உரிந்த இடத்தில் சிவப்பு இருந்தது, மரகதம் பூசிய சிவப்பு. அதற்கும் அடியில் என்ன இருக்கிறது என்று நகத்தால் ஒரு கீறு கீறிப் பார்க்க விரல் பரபரத்தது. கையை எடுத்துக்கொண்டேன். அவளிடமிருந்து நான் கற்று வைத்துக்கொண்டது, கீறாமல் விடுவது ஒன்றுதான்.