டம்ளரில் ஏறிய வாக்கியம்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் எங்கள் பாத்திரக்கடை. கல்யாணச் சீருக்குப் பாத்திரம் வாங்குகிறவர்கள் அதில் பேர் வெட்டாமல் கொண்டுபோக மாட்டார்கள். யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது என்று அண்டாவின் கழுத்தில் இருந்தால்தான் அது சீர். இல்லாவிட்டால் வெறும் அண்டா.

என் அப்பா, எங்களுக்கு அத்தா, கல்லாவில் உட்கார்ந்து அந்தப் பேரை எழுதிக்கொள்ளும் விதமே தனி. ஒரு எழுத்து எழுதுவார், உரக்கப் படிப்பார், "ரெண்டு சுழியா, மூணு சுழியா?" என்று கேட்பார். கடைத்தெருவில் பாதிப் பேருக்கு யார் வீட்டில் கல்யாணம் என்று அப்படித்தான் தெரியும். சென்னையில் நாலு வருஷம் கம்ப்யூட்டர் கம்பெனியில் குப்பை கொட்டிவிட்டு ஊருக்குத் திரும்பிய எனக்கு அது கூச்சமாக இருந்தது. கடைக்கு ஒரு வெப்சைட் செய்தேன். ஆர்டர், முகவரி, வெட்ட வேண்டிய பேர் எல்லாம் போனிலேயே. பேர் எழுத திரையில் ஒரு பெட்டி, அதில் எழுதியது நேராக லேசர் மெஷினுக்குப் போய்விடும். நடுவில் யாரும் கத்த வேண்டியதில்லை.

அந்த ஒரு பெட்டிக்கு நான் கொடுத்த காவல் கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் கம்ப்யூட்டர் தொழிலில் முதல் பாடம், வெளியாள் எழுதுகிற எதையும் நம்பாதே என்பது. பேர் கேட்கிற இடத்தில் ஒரு கெட்டிக்காரன் கட்டளை எழுதிவைப்பான். கம்ப்யூட்டர் அதைப் பேர் என்று நினைக்காமல் கட்டளையாக எடுத்துக்கொண்டு, இருக்கிற ஆர்டரை எல்லாம் அழித்துவிட்டு அப்பாவியாக நிற்கும். அதனால் பெட்டியில் வருவது எதுவானாலும் அது வெறும் எழுத்துதான், யாருக்கும் உத்தரவு இல்லை என்று கட்டிவைத்தேன். சென்னைத் தோழி ஒருத்தி என் வேலையைச் சோதிக்கிறேன் என்று சாயங்காலம் முழுக்க விதவிதமான விஷமங்களை எழுதிப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. "உன் பெட்டி கல்லுடி" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கல்யாண சீசன். அத்தா எலவனாசூர்கோட்டையில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்த அன்று, கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்து ஊர் ஒன்றுக்கு ஆர்டர் வந்தது. ஒரு அண்டா, ஒரு குடம், இருபத்தொரு டம்ளர். கடையில் வேலை பார்க்கும் அண்ணன் ஒவ்வொன்றாக மெஷினில் மாட்டிப் பட்டனை அமுக்கினார். திரையில் ஆர்டர் பச்சையாக மாறுவதைப் பார்த்து நான் பூரித்துக்கொண்டிருந்தேன். சாயங்கால பஸ்ஸில் பார்சல் ஏறியது.

மறுநாள் காலையில் அத்தா மெஷின் மேல் கிடந்த ஒரு டம்ளரை எடுத்தார். விளிம்பு நசுங்கியதால் அண்ணன் ஒதுக்கிவைத்துவிட்டு வேறு போட்டு அனுப்பியது. அத்தா அதை மெல்லச் சுற்றிக்கொண்டே, வழக்கமான குரலில், தெருவுக்கே கேட்கும்படி படித்தார்:

"அட்ரஸ்ல கீற அக்கா பேரு மட்டும் போடுங்க அண்ணே எம் பேரு போட வாணாம் நான் குடுத்ததுன்னு தெரிஞ்சா அது வாங்காது மூணு வருசமா பேச்சு இல்ல பொண்ணு கல்யாணம் நல்லா நடக்கணும்."

டம்ளரை மூன்று சுற்றுச் சுற்றினால்தான் வாக்கியம் முடிந்தது. எழுத்து அதிகமானால் தானே சிறிதாக்கி அடக்கிக்கொள்ளும்படி மெஷினுக்குச் சொல்லிவைத்த புத்திசாலியும் நான்தான்.

"இன்னாம்மா இது?" என்றார் அத்தா.

நான் அண்ணனைப் பார்த்தேன். "நீங்க படிக்கலையாண்ணே?"

"படிச்சேனே. இப்பல்லாம் கவிதைதான் ஜாஸ்தி போடுறாங்க. இதுவும் அதுமாதிரின்னு வுட்டுட்டேன்."

கட்டளையை வெறும் எழுத்தாக்கும் என் காவல் அவ்வளவு பிரமாதமாக வேலை செய்திருந்தது. ஒரு மனுஷன் எங்களுக்குச் சொன்ன ரகசியத்தை, இருபத்தொரு டம்ளர், ஒரு அண்டா, ஒரு குடத்தில் ஏற்றி, யாருக்குத் தெரியக்கூடாதோ அவர் வீட்டுக்கே அனுப்பியிருந்தேன். கல்யாணம் நாளை மறுநாள்.

ஆர்டர் கொடுத்த அந்தத் தம்பிக்குப் போன் செய்தேன். மலைக்குக் கீழே மரவள்ளிக்கிழங்கு லாரி ஓட்டுகிறவர். விஷயத்தைச் சொன்னதும் வண்டியை ஓரம் கட்டும் சத்தம் கேட்டது.

"ஐயையோ. அந்தப் பொட்டில பேரு மட்டுந்தான் எழுதணுமா? எனக்குத் தெரியலீங்க. ஒரே ஒரு பொட்டிதான் இருந்துச்சு. யாராச்சும் படிப்பாங்கன்னு நெனைச்சிக்கினேன்."

திட்டியிருந்தால் பரவாயில்லை. நானும் நாலு வார்த்தை பதிலுக்குச் சொல்லி ஆறியிருப்பேன். அவர் குரல் அப்படியே இறங்கிப்போனது. புளியமரத்துப் பங்கில் வந்த சண்டையாம். அக்கா மகள் சடங்குக்கு அவர் அனுப்பிய புடவையை அக்கா பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டாராம். "இதுவும் திரும்பி வந்துச்சுன்னா அவ்ளோதாங்க. மாமன் சீரு இல்லாம பொண்ணு மணையில குந்தும்" என்றார். எனக்கு அழுகை வந்தது. என் மேல் எனக்கே அப்படி ஒரு கோபம்.

"நீயே போய் எடுத்துக்கினு வா. பாலிஷ் போட்டு வேற வெட்டி நாளைக்குள்ள குடுத்துடலாம்" என்றார் அத்தா. "அந்தம்மா பிரிக்கறதுக்குள்ள போ."

தம்பியிடமும் அதைச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மலை பஸ்ஸுக்கு என் அவசரம் புரியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் மூச்சு வாங்கியது. ஒரு இடத்தில் கோழிக்கூடை ஏற்ற நின்றது, இன்னொரு இடத்தில் அந்தக் கோழிக்காரரை இறக்கிவிட நின்றது. வழியெல்லாம் நான் பொய் தயார் செய்தேன். பார்சல் மாறிப்போச்சு, உங்களுடையது பின்னால் வருகிறது, இதைக் கொடுத்துவிடுங்கள். மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். எனக்கே நம்பும்படி இருந்தது.

பந்தல் போட்ட வீடு. வாசலில் அட்டைப்பெட்டி பிரிந்து கிடந்தது. உள்ளே அக்கா கால் நீட்டி உட்கார்ந்து, ஒரு டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தார். மற்ற இருபதும் அவர் மடியைச் சுற்றி நின்றன.

தயார் செய்த பொய் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "நான் பாத்திரக்கடையிலேர்ந்து வரேங்க. என் தப்புங்க. அது எங்களுக்கு எழுதுனது. மெஷின் அப்படியே போட்டுடுச்சு. எல்லாத்தையும் குடுங்க, அழிச்சிட்டு உங்க பேரு போட்டுக் கொண்டாரேன்."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "இது யாரு எழுதுனது? மெஷினா?"

"இல்லீங்க. உங்க தம்பி எழுதுனது. ஒரு எழுத்துகூட நாங்க மாத்தல."

"அவன்தான். 'அது வாங்காது'ன்னு எழுதிக்கீறான் பாரு. என்னைய அதுன்னு சொல்ற ஆளு வேற யாரு?"

நான் குனிந்து பக்கத்தில் இருந்த டம்ளர்களை எடுக்கப் போனேன். சட்டென்று முந்தானையால் மூடிக்கொண்டார்.

"இன்னா எடுக்கற? வெச்சிட்டுப் போ."

"கல்யாணத்துல நாலு பேரு படிப்பாங்களேம்மா."

"படிக்கட்டும். புடவைய திருப்பி அனுப்புனதையும் நாலு பேருதான் பாத்தாங்க."

அப்புறம் தம்பிக்குப் போன் போடச் சொன்னார். வீட்டுக்குள் சிக்னல் இல்லை. பின்னால் பலாமரத்தடியில் ஒரு இடத்தில் மட்டும் எடுக்கும் என்றார். இருவரும் போய் நின்றோம். முதல் மணி அடித்து முடிவதற்குள் தம்பி எடுத்துவிட்டார். "வாங்கிட்டீங்களாங்க? பிரிக்கலயே?" என்று என்னைத்தான் கேட்டார். நான் போனை அக்காவிடம் கொடுத்தேன்.

அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டார். யார் மூச்சு விடுகிறார்கள் என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது போல. மறு கையில் இன்னும் அந்த டம்ளர் இருந்தது.

"எழுத்து ரொம்பப் பொடிசா கீது" என்றார் அக்கா. "எனக்குக் கண்ணு தெரியல. ராத்திரிக்குள்ள வந்து நீயே படிச்சிக் காட்டு."